நனைந்த போர்வை

வருஷக் கடைசி விடுமுறைக்கு நாத்தனார் குடும்பம் வந்திருந்தது. வீட்டில் எல்லோருடைய பழைய துணியிலும் துண்டு வெட்டி, மாதக்கணக்கில் தைத்த போர்வையை மருமகள் அவர்களுக்காகவே எடுத்து ஹாலில் விரித்திருந்தாள். ராத்திரி பிள்ளைகளோடு மாமனாரும் அதில்தான் படுத்தார். காலையில் பார்த்தால் நடுவில் பெரிய ஈரம். அதை ஒட்டி நாத்தனார் மகள் குட்டி உட்கார்ந்திருந்தாள்.

"இத்தனை வயசாச்சு, வெக்கமா இல்ல? கண்ணு நோகத் தைச்சேன்டி!"

பிள்ளைகள் சிரித்தார்கள். நாத்தனார் முகம் செத்துவிட்டது.

"நான் அலசித் தரேன் அண்ணி."

"வேண்டாம். செஞ்சவளே வரட்டும்."

பேப்பர் படித்துக்கொண்டிருந்த மாமனார் நிமிரவில்லை.

குழாயடியில் போர்வையை நனைத்தபோதுதான் மருமகள் கவனித்தாள்.

"என்னடி, உன் கவுன் காஞ்சிருக்கு?"

குட்டி வாசலைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"தாத்தாவை எழுப்பி என் இடத்துல படுக்க வெச்சுட்டு, அவர் இடத்துக்கு நான் வந்துட்டேன். யார்கிட்டயும் சொல்லாதீங்க அத்தை. தாத்தா அழுதாரு."

மருமகளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. கத்தியதெல்லாம் அவர் காதில் விழுந்திருக்குமே!

ஈரக் கையோடு குட்டியை அணைத்துக்கொண்டு ஹாலுக்கு வந்தாள்.

"பிள்ளைமேல தப்பில்ல. விடியக்காலையில நான்தான் தண்ணிச் சொம்பைத் தட்டிவிட்டேன். இப்பதான் ஞாபகம் வந்துச்சு."

"உன் அவசரம் ஊரறிஞ்சதாச்சே!" என்றான் கணவன். எல்லோரும் சிரித்தார்கள்.

மாமனார் மட்டும் சிரிக்கவில்லை. பேப்பரைத் தாழ்த்தி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவளால்தான் அவரை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.