முதல் பாகத்துக் கோழி

ஒரு தாவல் விளையாட்டுக்குள்ளே ஒரு கோழியும் ஒரு பள்ளமும் குடியிருந்தன. கோழி தாவ வேண்டும். தவறினால் பள்ளத்தில் விழ வேண்டும். ஆடுகிறவர்கள் விழுந்து விழுந்து சிரிக்க வேண்டும். முதல் பாகம் சக்கைப்போடு போட்டது. இரண்டாம் பாகம் வெளிவந்ததிலிருந்து கோழிக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஆடியவர்கள் எழுதும் கருத்துகளை ஒன்று விடாமல் படித்தது.

“அக்கா, நான் ரொம்ப உயரமாத் தாவுறேனாம். இன்னொருத்தர் உயரம் பத்தலைங்கிறார். இப்படியே போனா மூணாம் பாகம் வராது. நம்ம ரெண்டு பேர் கதையும் முடிஞ்சுது.”

“பேசாமத் தாவுடி. விழுந்தா நான் இருக்கேன்,” என்றது பள்ளம்.

அந்த நேரம் பார்த்து, ‘முதல் பாகத்தின் கால் தூசிக்குக் காணாது’ என்று கருத்து எழுதியிருந்த ஓர் ஆள் மறுபடி ஆட உட்கார்ந்தார். கோழி ஒரு படிகூடப் பிசகாமல் தாவிக் காட்டியது. அவர் உதடு அசையவில்லை. சிரிக்கிறாரா என்று திரை வழியே எட்டிப் பார்த்ததில், அவர் பொத்தானை அழுத்தியதைக் கோழி கவனிக்கவில்லை. கால் இடறி, இறக்கை தலையை மூட, தொப்பென்று பள்ளத்தில் விழுந்தது.

குடித்த டீ மூக்கில் ஏறும்வரை அவர் சிரித்தார்.

“பாத்தியா? இனியாவது நிம்மதியா இரு,” என்றது பள்ளம்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுதினார்: ‘முதல் பாகத்தில் இதைவிட நன்றாக விழும்.’ எழுதிய கையோடு மறுபடியும் ஆடப் பொத்தானை அழுத்தினார்.

கோழி எழுந்து மண்ணை உதறியது.

“அக்கா, முதல் பாகத்துல நான் எந்தப் பக்கமா விழுந்தேன்?”