கேப்டன் மடிக்க வந்த அன்று

விரிப்பின் அந்தப் பக்கத்து முனைகளைக் கேப்டனே வந்து பிடித்துக்கொண்டார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வழக்கமாக எனக்கு எதிரில் நிற்பவள் அப்போதுதான் டீ குடிக்கப் போயிருந்தாள்.

ஹோட்டல் சலவைக்கூடம் எங்களுடையது. பிரிவின் சூப்பர்வைசரைத்தான் கேப்டன் என்போம். என்னைவிட வயதில் சின்னவர். ஆனாலும் நான் அவரை சார் என்பேன், அவர் என்னை அக்கா என்பார். என் கூடப்பிறந்தவன்கூட அத்தனை வாஞ்சையாகக் கூப்பிட்டதில்லை.

தினமும் காலையில் எங்களை வட்டமாக நிற்கவைத்து இரண்டு வார்த்தை பேசுவார். மேலே அறைகளில் யாரோ நிம்மதியாகத் தூங்குகிறார்கள் என்றால் அது நம்மால்தான் என்பார். எங்களுக்குள் கிசுகிசுத்துச் சிரித்துக்கொண்டேதான் கேட்போம். ஆனால் கேட்ட பிறகு நீராவியின் சூடு உறைக்காது, சத்தியமாக.

துவைக்கும் மெஷினைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் ஒரு தடவை ராஜினாமாவை எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்தார். கேப்டன் ஒன்றும் கேட்கவில்லை. கையை மடித்துவிட்டுக்கொண்டு அவரோடு நின்று அழுக்குத் துணி பிரித்தார். சாயங்காலம் அண்ணன் தன் கையாலேயே அந்தக் காகிதத்தைக் கிழித்துப் போட்டார்.

சமையலறையில் இன்று சேர்ந்தவன் நாளை இருக்க மாட்டான். எங்கள் பிரிவிலிருந்து மட்டும் ஒருத்தரும் போனதில்லை. அதற்காகவே மேலிடம் கேப்டனுக்கு ஒரு கேடயம் கொடுத்தது. அதை அவர் வீட்டுக்குக் கொண்டுபோகாமல் எங்கள் இஸ்திரி மேஜைக்கு மேலே மாட்டினார். இப்படிப்பட்ட மனுஷனை விட்டுப் போக யாருக்கு மனசு வரும்?

எனக்கு வந்திருந்தது.

என் வீட்டுக்குப் பக்கத்தில் ஓர் ஆஸ்பத்திரி. அங்கே சலவைப் பிரிவுக்கு ஒரு பொறுப்பாளர் வேண்டுமாம். போன வாரம் உடம்பு சரியில்லை என்று லீவு போட்டுவிட்டு, ஒருத்தரிடமும் மூச்சுவிடாமல் இன்டர்வியூவுக்குப் போய்வந்தேன். வேலை எனக்குத்தான் என்று நேற்று சொல்லிவிட்டார்கள். இன்று மதியத்துக்குள் பதில் சொல்ல வேண்டும்.

அந்த வேலை எனக்கு வேண்டும். என் மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து, நான் வருகிற வரைக்கும் மாடிப்படியில் உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்து வீட்டுக்காரிக்கு அவளைக் கண்டாலே ஆகாது. மழையானாலும் காய்ச்சலானாலும் அவளுக்கு அந்தப் படிதான் கதி. ஆஸ்பத்திரி வேலை என்றால் அவள் வரும்போது நான் கதவைத் திறந்துவைத்திருப்பேன்.

அதைக் கேப்டனிடம் எந்த வாயால் சொல்வது என்றுதான் காலையிலிருந்து முழித்துக்கொண்டிருந்தேன். எனக்கே நான் துரோகியாகத் தெரிந்தேன்.

இரட்டைக் கட்டில் விரிப்பை ஒற்றை ஆளாக மடிக்க முடியாது. ஆளுக்கு இரண்டு முனையாகப் பிடித்து, உதறி, இழுத்து, நீளவாக்கில் மடிக்க வேண்டும். அப்புறம் எதிரில் இருப்பவர் நடந்து வந்து தன் பக்கத்தை நம் கையில் சேர்ப்பார்.

கேப்டன் உதறினார். மடித்தார். நடந்து வந்தார். தன் பக்கத்தை என்னிடம் கொடுத்தவர் கையை எடுக்கவில்லை.

"போயிடலாம்னு இருக்கீங்க, இல்லக்கா? போங்க, நான் தடுக்க மாட்டேன். ஆனா இங்க அத்தனை பேரும் உங்க முகத்தைப் பார்த்துத்தான் நிக்கிறாங்க. என்னையும் சேர்த்து."

மகளிடம்கூட நான் இன்னும் சொல்லவில்லை! கேப்டன் முகத்தைப் பார்த்தே மனசைப் படித்துவிடுவார் என்று மற்றவர்கள் சொல்வார்கள். சும்மா அளக்கிறார்கள் என்று நினைத்திருந்தேன்.

என்னை இந்த அளவுக்கு யார் கவனித்திருக்கிறார்கள்? புருஷன் கவனித்தானா? விட்டுவிட்டுப் போனவனைப் பற்றி என்ன பேச்சு. கண்ணில் நீர் குபுக்கென்று வந்துவிட்டது.

"நான் எங்கயும் போகல சார்."

கேப்டன் தலையாட்டினார். அவருக்கும் கண் கலங்கியிருந்தது. அப்படியே திரும்பித் தன் கண்ணாடி அறைக்குள் போய்விட்டார்.

இந்தச் சூட்டோடு சொல்லிவிட வேண்டும், விட்டால் மனசு மாறிவிடும். டிரையருக்குப் பின்னால் ஒதுங்கி ஆஸ்பத்திரிக்கு ஃபோன் போட்டேன். மாடிப்படியில் உட்கார்ந்திருக்கும் மகள் கண்ணுக்குள் வந்தாள். இருந்தாலும் வரவில்லை என்று சொன்னேன். எங்கள் சூப்பர்வைசர் என்னை நம்பியிருக்கிறார் என்றும் சொன்னேன், கொஞ்சம் பெருமையாகவே.

அந்தப் பக்கம் பேசிய அம்மாவுக்குக் கோபமே வரவில்லை.

"பரவாயில்லம்மா. நீங்க வர மாட்டீங்கன்னு உங்க சூப்பர்வைசர் அன்னைக்கே எங்ககிட்ட சொல்லிட்டார். உங்களுக்கு அடுத்து அவரைத்தானே உள்ள கூப்பிட்டோம்? சரி, வேலை அவருக்குத்தான்னு இப்பவே சொல்லிடறேன்."

லைன் கட்டாகிவிட்டது.

தெரிந்தவர்கள் யாராவது பார்த்துவிடப்போகிறார்களே என்று அன்று இன்டர்வியூ அறையிலிருந்து தலையைக் குனிந்துகொண்டே வந்தேன். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களை நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அடப்பாவி! அந்தக் கலங்கின கண்ணை நினைக்க நினைக்கக் காறித் துப்பலாம்போல இருந்தது.

வருகிறேன், நானே வருகிறேன் என்று சொல்ல மறுபடியும் அதே நம்பரைப் போட்டேன். அவசரத்தில் இரண்டு தடவை தப்பாக அழுத்தினேன். மூன்றாவது தடவை சரியாகப் போனது. அவர்கள் வேறு ஒருவருடன் பேசிக்கொண்டிருப்பதாக வந்தது.

கண்ணாடி அறைக்குள் கேப்டன் ஃபோனைக் காதில் வைத்தபடி மரியாதையாக எழுந்து நின்றார்.