ஜெனிட்டாவின் எண்

ஜெனிட்டாவுக்குப் பதினெட்டு வயது நிறைந்த அன்று, அவளுடைய சர்க்கரை அளவு அம்மாவின் கைபேசியிலிருந்து மறைந்துபோனது. இடுப்பில் ஒட்டியிருக்கும் இன்சுலின் பம்ப் இனி அவளுக்கு மட்டுமே கணக்குச் சொல்லும். சட்டம் அப்படி.

ஊசி போட்ட காலத்திலும் சரி, பம்ப் தானே அளந்து தானே மருந்து செலுத்தத் தொடங்கிய பிறகும் சரி, அமலோற்பவம் அந்த எண்ணை வைத்துத்தான் மகளோடு பேசினாள். "இருநூறு காட்டுதே, என்னத்தத் தின்ன?" என்றுதான் பேச்சே தொடங்கும்.

அன்று மதிய இடைவேளையில், தான் வேலை பார்க்கும் தூத்துக்குடி இறால் கம்பெனி வாசலில் நின்று மகளின் கல்லூரி விடுதிக்கு அழைத்தாள்.

"எம்மா, கூட்டாளிங்க கேக் வெட்டுனாங்க. ரெண்டு துண்டு தின்னேன்."

"சுகர் எவ்வளவு?" என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"பம்ப் பாத்துக்கிடும்மா," என்றாள் ஜெனிட்டா, கேட்காமலேயே.

அமலோற்பவம் ஈரக் கையுறையைக் கழற்றினாள். வேறு என்ன கேட்பதென்று அவளுக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

"ஏட்டி, கேக்கு ருசியா இருந்துச்சா?"

ஜெனிட்டா சொல்லத் தொடங்கினாள். இடைவேளை முடிந்து மணி அடித்த பிறகும் சொல்லிக்கொண்டே இருந்தாள்.