கறுப்பு நாற்காலி

"இந்தக் கோடைக்கு ரெண்டு மடங்கு மின்விசிறி செய்யலாம்னு இருக்கேன். யாருக்காவது ஆட்சேபணை இருக்கா?"

"மேடம் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார்கள் ஆறு பேரும், சொல்லி வைத்த மாதிரி.

கேட்ட திட்ட அதிகாரிக்கு அந்தச் சம்மதம் போதவில்லை; அவள் மறுபடி கணக்குப் போட்டாள். வெயில் கொளுத்தினால் அத்தனையும் விற்றுவிடும். மழை முந்திக்கொண்டால் சரக்கு கிடங்கிலேயே தூங்கும், தொழிலாளர்களில் பாதிப் பேருக்கு வேலை போய்விடும். எது வரும் என்று யாருக்குத் தெரியும்?

சுவரில் பாதி கறுப்பும் பாதி வெள்ளையுமாக ஒரு வட்டம். முதலாளி சீனத் தத்துவப் புத்தகம் ஒன்றைப் படித்துவிட்டு வரையச் சொன்னது. அதன் கீழே இரண்டு நாற்காலிகள். வெள்ளையில் உட்காருபவர் திட்டத்தைச் சொல்ல வேண்டும். கறுப்பில் உட்காருபவர் அதை மறுத்தே ஆக வேண்டும். இரண்டும் மோதினால்தான் முடிவு நிதானமாக வரும் என்பது அவர் கட்சி.

எட்டு வருஷமாகக் கறுப்பில் உட்கார்ந்தவர் விற்பனை மேலாளர். அவருக்கு அவள் வைத்த பெயர் முட்டுக்கட்டை. எதைச் சொன்னாலும் "மழை வந்தா?" என்பார்.

மூன்று மாதத்துக்கு முன்னால், பொறுக்க முடியாமல் முதலாளியிடம் போய், "ஒண்ணு அவர் இருக்கணும், இல்லை நான் இருக்கணும்" என்று ஒரே போடாகப் போட்டாள். அந்த வாரமே அவர் போய்விட்டார். அன்றைக்கு எல்லோருக்கும் காபி வாங்கிக் கொடுத்தவளும் அவள்தான்.

இப்போது அந்தக் காலி நாற்காலியைப் பார்க்கப் பார்க்க மனசு ஏங்கியது. யாராவது ஒருத்தர் "மழை வந்தா?" என்று கேட்க மாட்டார்களா?

கூட்டம் முடிந்த கையோடு முதலாளி அறைக்குப் போனாள்.

"சார், அவரைத் திரும்பக் கூப்பிடுங்க. என்னாலதானே அவரை அனுப்பினீங்க?"

"நான் எங்கேம்மா அனுப்பினேன்? உன்னைத்தான் போகச் சொல்றதா இருந்தேன். அதுக்குள்ள விஷயம் அவர் காதுக்குப் போயிடுச்சு."

மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். முட்டுக்கட்டையின் அதே கோழிக்கிறுக்கல் கையெழுத்து.

'அவங்க திட்டத்துல ஒரு குறை கண்டுபிடிக்கறதுக்குள்ள எனக்குத் தாவு தீர்ந்துடும் சார். அவ்வளவு சுத்தமான வேலை. அவங்களை விட்டுடாதீங்க, நான் போறேன். குறை சொல்றதுக்கா ஆள் இல்லை? அந்த நாற்காலியில யார் வேணா உட்காரலாம்.'

எட்டு வருஷமாகக் குறை சொன்னவர் எழுதிய கடைசி வரியில், முதல் தடவையாக அவள் ஒரு குறை கண்டுபிடித்தாள். அதை அவரிடமே சொல்லத்தான், கண்ணைத் துடைத்துக்கொண்டு ஃபோனை எடுத்தாள்.