ஐந்தாம் நம்பர் சீசா

"பதினேழாம் நாள். கணவரின் சட்டையில் வேறொருத்தியின் சென்ட் வாசனை."

நோட்டில் இருந்ததைச் சத்தமாகப் படித்துவிட்டு, "பிரமாதம்!" என்றார் டாக்டரம்மா. எதிரே இருந்த கணக்கு டீச்சருக்கு எங்கேயாவது ஓடி ஒளியலாம் போலிருந்தது. காலியான ஐந்தாம் நம்பர் சீசாவை மேஜைமேல் வைத்தாள். மூலைகளை மழுங்க வெட்டி ஒட்டிய அதன் லேபிள் கொஞ்சங்கூடக் கசங்கவில்லை.

இது வீட்டு வம்பு அல்ல, ஆராய்ச்சி. ஒரு புதுக் கொடியிலிருந்து டாக்டரம்மா ஹோமியோபதி மருந்து தயாரித்திருந்தார். அதை எந்தத் தாவரக் குடும்பத்து மருந்துகளோடு சேர்ப்பது என்று பார்க்க, நோயில்லாத பத்துப் பேர் நாற்பது நாள் உருண்டைகளைச் சாப்பிட்டு, உடம்பிலும் மனசிலும் தோன்றுவதை எழுதித் தர வேண்டும். ஐந்து சீசாவில் மருந்து, ஐந்தில் வெறும் சர்க்கரை உருண்டை. எதில் எது என்பது கடைசி நாள்வரை டாக்டரம்மாவுக்கே தெரியக் கூடாது என்பதால், பட்டியல் ஒரு கவருக்குள் ஒட்டிக் கிடந்தது.

டீச்சரை இதில் சேர்த்துவிட்டது அவள் கணவர். டாக்டரம்மாவின் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். மனிதர் லேபிள் பைத்தியம். வீட்டு உப்பு டப்பாவுக்குக்கூடக் கத்தரியும் பசையுமாக அரை மணி நேரம் உட்காருவார்.

"இருபத்திரண்டாம் நாள் என்ன ஆச்சு?"

"போனை எடுத்துக்கிட்டு மொட்டைமாடிக்குப் போறாரு, டாக்டர். நான் வந்தா கட் பண்ணிடறாரு."

"அப்படித் தோணுது. இல்லையா?"

"ஆமா... தோணுது."

முப்பத்தொன்றாம் நாள்தான் பெரிய ரகளை. "யாரு அவ?" என்று கேட்டுத் தட்டை விட்டெறிந்தாள். கம்பவுண்டர் கோபப்படவே இல்லை. சிதறிய துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டே, "இது நீ பேசல, மருந்து பேசுது. எந்த சீசாவுல என்ன இருக்குன்னு எனக்கென்ன தெரியும்? ஆனா உன்னைப் பாத்தாலே தெரியுதே!" என்றார்.

பதினாறு வருஷம் குடித்தனம் நடத்திய மனுஷனைச் சந்தேகப்பட்டோமே என்று அவள் கூனிக் குறுகிப் போனாள். இன்று காலையில்கூட மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் வந்தாள். அவரும் பெருந்தன்மையாக மன்னித்தார்.

இனி டாக்டரம்மா வாயால் ஒரு வார்த்தை வந்தால் போதும். அந்தச் சந்தேகமெல்லாம் செடியின் வேலை என்று தெரிந்துவிட்டால், இன்றைக்காவது நிம்மதியாகத் தூங்குவாள்.

"சந்தேகம், ஏமாந்துட்டோம்னு ஒரு குமுறல், தொண்டையில அடைப்பு... அச்சு அசல் எட்டி மரத்துக் குடும்பம்!" டாக்டரம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. "மத்தவங்க எல்லாம் ஏப்பம், தலைவலின்னு எழுதியிருக்காங்க. உங்க நோட்டு ஒண்ணே போதும், டீச்சர்."

"அப்ப எல்லாம் மருந்தாலதானே, டாக்டர்?"

"வேற எதால? எதுக்கும் கவரைப் பாத்துடுவோம்."

கவரைக் கிழித்தார். பட்டியலில் மெல்ல இறங்கிய விரல் ஐந்தில் நின்றது. எழுதத் திறந்த பேனாவை மூடிவிட்டார்.

"போச்சு டீச்சர், அத்தனையும் வீண். உங்களுக்கு வந்தது வெறும் சர்க்கரை உருண்டை."

அப்படியானால் சென்ட் வாசனை நிஜம். மொட்டைமாடி நிஜம். துரோகம் செய்தவர் செய்துவிட்டார். மருந்து பேசுது என்றாரே, அதையாவது நம்பிச் சொன்னாரா? அவளுக்கு அது தெரிந்தாக வேண்டும்.

"இது வெறும் சர்க்கரைன்னு... எங்க வீட்டுக்காரருக்குத் தெரியுமா, டாக்டர்?"

டாக்டரம்மா பட்டியலை மடித்தபடியே சொன்னார்:

"நல்லாக் கேட்டீங்க! பத்து சீசாவையும் நிரப்பினதே அவர்தானே?"