மேபலுக்கு எவ்வளவு சூடு?

“பாம்பை உயிரோட வேக வைக்கறது எப்படின்னு எங்கப்பாகிட்ட கேளுங்க டாக்டர்!”

துணிப்பையை மேசைமேல் வைத்த வேகத்திலேயே லோரெய்ன் வெடித்தாள். அவள் அப்பா வில்ஃப், கோட்டையும் கையுறையையும்கூடக் கழற்றாமல் சுவரோரமாக நின்றுகொண்டார்.

கால்நடை டாக்டர் ஓல்வென் பையை அவிழ்த்தார். உள்ளே மேபல், நாலடி மலைப்பாம்பு. மெல்லப் புரட்டிப் பார்த்தார். வயிற்றுச் செதில்கள் பழுப்பேறி, இரண்டு இடத்தில் தோல் கழன்று சதை தெரிந்தது.

“பாம்புத் தொட்டிக்கு அடியில, சூடு பண்ற ஹீட்டர் பாய் போட்டிருக்கீங்களா?”

“ஆமா. மேல கண்ணாடி எவ்வளவு சூடு தெரியுமா? இன்னைக்கு நானே அளந்து பார்த்தேன். ஐம்பத்தஞ்சு டிகிரி!”

டாக்டரின் முகம் கறுத்தது. “முப்பத்திரண்டைத் தாண்டவே விடக்கூடாதே! சூடு ஏறினா தானா அணைக்கற தெர்மோஸ்டாட் இல்லையா?”

“கிறிஸ்துமஸுக்கு நான்தான் வாங்கிக் கொடுத்தேன். பாய்க்கும் கண்ணாடிக்கும் நடுவுல அதோட சூடு அளக்கற ஒயரைச் செருகி, முப்பத்தொண்ணுல வச்சு, ‘இதைத் தொடாதே’ன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். பிடுங்கிப் போட்டுட்டு, பழைய திருகு ஸ்விட்சை மாட்டியிருக்கார்.”

“அந்த மெஷின் சரியில்ல கண்ணு,” என்றார் வில்ஃப். “சூடு ஏறுறதுக்குள்ள அணைஞ்சு போகுது. தொட்டா சில்லுனு இருக்கு. இந்த ராதர்ஹாம் குளிர்ல பாவம், தின்ன எலி அவளுக்கு எப்படிச் செரிக்கும்? அதான் கொஞ்சம் கொஞ்சமா கூட்டினேன்.”

“தொட்டுப் பார்த்துத்தான் கூட்டினீங்களா?” என்றார் டாக்டர்.

“தினமும் பார்ப்பேன் டாக்டரம்மா. டீக்குத் தண்ணி வச்சுட்டு, தொட்டிக்குள்ள கண்ணாடி மேல கையை வச்சா, தண்ணி கொதிக்கற வரைக்கும் எடுக்க மாட்டேன். பேக்கரியில அடுப்புக்குள்ள கையை விட்டே சூடு சொன்னவன் நான். வெதுவெதுப்புக்கு மேல ஏறினதே இல்ல, சத்தியமா.”

சத்தியம் செய்கிறவர்களை டாக்டர் நிறையப் பார்த்திருக்கிறார். நாயைப் பட்டினி போட்டவன்கூட, ‘வயிறு முட்டத் தின்னுதே’ என்றுதான் சத்தியம் செய்வான்.

“மிஸ்டர் வில்ஃப், அந்தச் சூட்டுல அவ்வளவு நேரம் யாராலும் கையை வச்சிருக்க முடியாது. நீங்க தொட்டே பார்க்கல. இல்லேன்னா…” மீதியை நாகரிகம் கருதி விழுங்கிக்கொண்டார்.

“பொய் சொல்றார்னு நேராவே சொல்லுங்க டாக்டர்!” லோரெய்னுக்கு அந்த நாகரிகம் தேவைப்படவில்லை. “ஸ்விட்சைத் திருகிட்டு டிவி முன்னாடி குறட்டை விட்டிருப்பார். நான் ஞாயித்துக்கிழமை தவறாம வர்றேன். வாசல்ல நுழைஞ்சதும் நேரா தொட்டிகிட்டதான் போவேன். எலி போட்டு, தண்ணி மாத்தி, தோல் ஒழுங்கா உரியுதான்னு பார்த்துட்டுத்தான் கிளம்புவேன். ரெண்டு வாரம் வர முடியல. அதுக்குள்ள இந்தக் கதி!”

“கண்ணு…”

“பேசாதே அப்பா. நான் பள்ளிக்கூடம் படிக்கறப்போ வாங்கின பாம்பு இது. அம்மா போனப்புறம் தனியா இருக்கியேன்னுதான் உன்கிட்ட விட்டு வச்சேன். இனிமே அந்த வீட்டுக்கு வராது. என்கூடவே கூட்டிட்டுப் போறேன்.”

வில்ஃப் சுவரை விட்டு ஓரடி முன்னால் வந்தார். “அவளையும் கூட்டிட்டுப் போயிட்டா நான் யார்கிட்ட பேசறது?”

“டிவிகிட்ட பேசு. அதுதான் வெந்து போகாது.”

டாக்டரும் மகள் பக்கம்தான். “பிழைக்குமான்னே இப்போ சொல்ல முடியாது. பிழைச்சாலும் திரும்ப உங்ககிட்ட அனுப்ப எனக்கு மனசு வரல. வயசானவர்னு பார்த்தா, இது வாயில்லா ஜீவன் இல்லையா?”

வில்ஃப் தலையைக் குனிந்துகொண்டார். அவரைப் பார்த்து யாருக்கும் இரக்கம் வரவில்லை. வெந்துபோன வயிறு கண்ணெதிரே கிடக்கும்போது எப்படி வரும்?

“சரி கண்ணு. நீயே வச்சுக்கோ. ஒரே ஒரு தடவை தொட்டுப் பார்த்துட்டுப் போயிடறேன்.”

“கையுறையைக் கழற்றுங்க. கம்பளி நூல் புண்ணுல ஒட்டிக்கும்,” என்றார் டாக்டர், அப்போதும் கடுகடுவென்றே.

வலது கையுறை சுலபமாகக் கழன்று வரவில்லை. வில்ஃப் வெடுக்கென்று இழுத்தார். கம்பளியோடு தோலும் உரிந்து வந்தது.

உள்ளங்கை முழுக்கக் கொப்புளங்கள். உடைந்து, சீழ் வைத்து, சுண்டுவிரல் வரை கறுத்திருந்தது.

லோரெய்ன் வாயைப் பொத்திக்கொண்டாள்.

டாக்டர் ஒரு புது ஊசியைப் பிரித்தார். அந்தக் கையின் நடுவிரல் நுனியில் லேசாகக் குத்தினார். ஒரு துளி ரத்தம் எட்டிப் பார்த்தது. வில்ஃபின் கண்கள் மேபலையே பார்த்துக்கொண்டிருந்தன.

“வலிக்குதா?”

“எது டாக்டரம்மா?”

டாக்டரின் கையில் ஊசி அப்படியே நின்றது.

“அப்பா!” என்றாள் லோரெய்ன். “என்னப்பா இது? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

“பனிக்கு வெடிச்சிருக்குன்னு நினைச்சேன். அதான் கையுறையை மாட்டிக்கிட்டேன். வலி இருந்தாத்தானே கண்ணு தெரியும்?” வில்ஃப் தன் உள்ளங்கையை வேறு யாருடையதோ போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, குறையாக இல்லை, உள்ளதைச் சொல்கிறவர்போலச் சொன்னார்:

“உங்கம்மா இருந்திருந்தா கையைப் பிடிச்சதுமே கண்டுபிடிச்சிருப்பா. இப்போ யாரு பிடிக்கறா?”