பதியும் பெட்டி

"மெதுவாக் கதை புள்ள, பதியுது!" என்றார் முகைதீன்பாவா. தோளில் கிடந்த துவாயை உருவி, தொலைக்காட்சிக்குக் கீழே சிவப்பு விளக்கு மினுங்கிய பெட்டியைத் தலையோடு போர்த்திவிட்டார்.

சுஹறா புருஷனை ஏற இறங்கப் பார்த்தாள். "உங்களுக்கு என்ன புடிச்சிரிக்கி? அது டீவியில போறதப் பதியிற பெட்டி. நம்மட கதை அதுக்கு என்னத்துக்கு?"

"அப்ப நம்மட கதை நிந்தவூருக்கு எப்பிடிப் போகுது? சொல்லு பாப்பம்!"

சுஹறா துவாயை இழுக்கப் போன கையை மடக்கிக்கொண்டாள். விஷயம் அப்படி.

ஒரே மகள் ஆகிலாவுக்கு நிந்தவூரில் மாப்பிள்ளை பேசியிருந்தது. பெயர் பர்ஸான், பிரதேச சபையில் வேலை. ஊர் வழமைப்படி குடியிருக்கும் வீடு மகளுக்குச் சீதனம். வயலையும் சேர்த்துக் கேட்டிருந்தார்கள். "வயலையும் குடுத்திட்டு நாம என்னத்தத் திங்கிற?" என்று முகைதீன்பாவா இதே கூடத்தில் குமுறினார். அடுத்த நாளே கலியாணத் தரகர் ஸைனுலாப்தீன் வந்து நின்றார்.

"வயல் வேணாமாம் காக்கா. நீங்களே வெச்சிக்கங்க எண்டு மாப்புள சொல்லிட்டாராம்."

சந்தோஷப்பட வேண்டிய மனுஷன் சந்தேகப்பட்டார். கேட்கிற மாப்பிள்ளை வீட்டைத்தான் அவர் இந்தக் கல்முனையில் கண்டிருக்கிறார். வேண்டாமென்கிற மாப்பிள்ளை வீடு உலகத்தில் எங்கே இருக்கிறது?

பிறகொரு நாள், "வீட்டக் குடுத்திட்டு நாம ரெண்டு பேரும் எங்க போற? குசினிக்குப் பின்னால உள்ள அறையும் கிணத்தடியும் கிடைச்சாக் காணும்" என்று பெருமூச்சு விட்டார். மறுநாள் தரகர் மறுபடியும் ஆஜர். "குசினிக்குப் பின்னால உள்ள அறையும் கிணத்தடியும் உங்களுக்குத்தானாம் காக்கா."

சமையலறைக்குப் பின்னால் ஓர் அறை என்பதாவது பரவாயில்லை. கிணற்றடி எப்படித் தெரிந்தது?

கதைத்தபோது கூடத்தில் இருந்தது மூன்றே பேர். சுஹறா வீட்டுக் கதையை வேலிக்கு வெளியே விடாதவள். ஆகிலாவோ தங்கமான பிள்ளை. வாப்பா வாயைத் திறந்தால் போதும், கையில் இருக்கிற போனை மடியில் கவிழ்த்துவிட்டுத் தொலைக்காட்சிச் சத்தத்தைக் குறைத்துவிடுவாள். பெற்றவன் பேச்சுக்கு இந்தக் காலத்தில் இவ்வளவு மரியாதை கொடுக்கிற பிள்ளை யாருக்கு வாய்க்கும்!

மிச்சம் இருப்பது பெட்டிதான். அதைக் கொண்டுவந்து பொருத்திவிட்டுப் போனவனும் நிந்தவூர்க்காரன். "இது எல்லாத்தயும் பதியும் காக்கா" என்று அவன் பல்லைக் காட்டியது இப்போதுதான் உறைத்தது.

ஆகிலா குளிக்கப் போயிருந்த நேரம் பார்த்து, மனைவியின் காதுக்குள் சொன்னார். "வேணாம் வேணாம் எண்டு சொல்றவனுக்கிட்ட என்னமோ குறை இரிக்கி. நோயோ, வேற எங்கயும் ஒரு குடும்பமோ, ஆருக்குத் தெரியும்? நம்மட வீட்டுக் கதையையும் ஒளிச்சிக் கேக்கிறான். பெட்டியக் கழட்டுவம். அதுக்குப் பொறகும் ஒரு கதை அங்க போச்செண்டா, இந்தச் சம்பந்தமே வேணாம்!"

"அல்லாஹ்வே! புள்ள அந்தப் பொடியன மனசில வெச்சிட்டாள்" என்று சுஹறா கண் கலங்கினாள். மனுஷன் அசையவில்லை.

நிந்தவூர் ஆளே வேண்டாமென்று கூப்பிட்டதில், தம்பிலுவிலிலிருந்து இன்டர்நெட் வேலை செய்கிற தனஞ்சயன் வந்தான். கூரையில் இருந்த டிஷ்ஷையும் பெட்டியையும் கழற்றிவிட்டு இன்டர்நெட் வயரை இழுத்துப் பூட்டினான். சுஹறா பதிந்து வைத்திருந்த சமையல் நிகழ்ச்சிகள் அத்தனையும் பெட்டியோடு போய்ச் சேர்ந்தன.

"இனிப் பதியத் தேவையில்ல காக்கா. எல்லாம் இன்டர்நெட்டில கிடக்கும், நினைச்ச நேரம் பாக்கலாம்."

"அப்ப இது ஒண்டையும் பதியாது?"

"ஓம், பதியாது."

"சத்தியமா?"

தனஞ்சயன் சிரித்தான். "லைன் மந்தமானா படம் இடைக்கிட நிண்டு சுத்தும். வேற கரைச்சல் இல்ல."

அஸர் தொழுதுவிட்டு வந்து கூடத்தில் சாய்ந்தபோதுதான் முகைதீன்பாவாவுக்கு மூச்சே வந்தது. தொலைக்காட்சி அலறிக்கொண்டிருந்தது. புது ரிமோட்டில் சத்தம் குறைக்கிற பொத்தான் எதுவென்று ஆகிலாவுக்கே இன்னும் பிடிபடவில்லை.

"சுஹறா, இனி வாயத் திறந்து கதைக்கலாம்!" என்று கால்களை நீட்டினார். "எனக்கு இன்னொரு கவலை இரிக்கி. மாப்புளக்கி என்ட மோட்டார் சைக்கிளையும் கேப்பாங்க. வயலுக்குப் போறதுக்கு எனக்கு அத விட்டா என்ன இரிக்கி? உசிரக் கேட்டாலும் குடுப்பன், அதக் குடுக்கமாட்டன்!"

சுஹறா பயத்தோடு புருஷனைப் பார்த்தாள். இந்தக் கதையும் நிந்தவூருக்குப் போய்விட்டால் பிள்ளையின் கலியாணம் அதோடு சரி.

"கொஞ்சம் இரிங்க வாப்பா, சத்தத்தக் குறைக்கிறன்" என்று ஆகிலா போனை மடியில் கவிழ்த்துவிட்டு ரிமோட்டைத் தடவினாள்.

அவள் பொத்தானைக் கண்டுபிடிப்பதற்குள் திரையில் படம் அப்படியே நின்றது. ஒரு வட்டம் சுற்றத் தொடங்கியது. வீடு முழுக்க ஒரே அமைதி. அந்த அமைதியில் ஆகிலாவின் மடியிலிருந்து ஓர் ஆண்குரல் தெளிவாகக் கேட்டது.

"மோட்டார் சைக்கிளும் வேணாம் ஆகிலா. மாமாக்கு வேற என்ன கவலையாம்?"